கையெழுத்துப் போட்டது சிங்கப்பூருக்கு, கரை ஏறியது நியூயார்க்கில்

போன இதழில் பாய்மரக் கப்பல்களைப் பற்றி எழுதும்போது, மேற்கே போன முதல் சீனக் கப்பல் 1847-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கடிதம் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அந்தக் கப்பலுக்கே. சரக்குக் கப்பல்களில் 22 வருடம் குப்பை கொட்டியவன் நான். சரித்திரப் பேராசிரியர் பேசுவது போல எதிர்பார்க்காதீர்கள்.

கே: சீனப் பாய்க்கப்பல் அமெரிக்கா வரை போனது என்று வகுப்பில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. விவரமாகச் சொல்லுங்களேன். (கல்லூரி மாணவி ஒருவர்)

ப: நம்பாதவர்களிடம் பெயரைச் சொல்லுங்கள்: கேயிங். மூன்று பாய்மரம், தேக்கு உடம்பு, 160 அடி நீளம், சுமார் 800 டன். சீனக் கரையோரம் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வணிகக் கப்பல். இந்த வகையை ‘ஜங்க்’ என்பார்கள். பழைய சாமானுக்குச் சொல்கிற ஜங்க் வேறு, இது வேறு. இது மலாய், ஜாவா பக்கத்து ‘ஜோங்’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

1846 ஆகஸ்டில் ஹாங்காங்கில் இருந்த ஆங்கிலேய வியாபாரிகள் சிலர் கூட்டுச் சேர்ந்து, கான்டனில் (இன்றைய குவாங்சோ) இதை வாங்கினார்கள். வெளிநாட்டவருக்குக் கப்பல் விற்கக் கூடாது என்பது அன்றைய சீனச் சட்டம். அதனால் காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடித்து, ஹாங்காங்குக்குக் கொண்டுவந்தார்கள். ரகசியம் அதோடு சரி. அங்கே ஆளுநரே வந்து ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்!

எதற்கு வாங்கினார்கள்? லண்டனில் கொண்டுபோய் நிறுத்தி, டிக்கெட் போட்டு, ஜனங்களை ஏற்றிக் காட்டிக் காசு பார்க்க. பிரிட்டனும் சீனாவும் மோதிய முதல் அபினிப் போர் முடிந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. சீனச் சாமான் எதுவாக இருந்தாலும் ஐரோப்பாவில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிய காலம். கிண்ணத்தையும் விசிறியையும் காட்டிக் காசு வாங்கியவர்கள் நடுவில், இவர்கள் கப்பலையே காட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

1846 டிசம்பர் 6 அன்று ஹாங்காங்கிலிருந்து பாய் விரித்தார்கள். கேப்டன் சார்லஸ் ஆல்பிரட் கெல்லட் என்ற ஆங்கிலேயர். கப்பலில் 12 ஆங்கிலேயர், 30 சீனர். 1847 மார்ச் கடைசியில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றினார்கள். ஏப்ரல் 17-இல் தென் அட்லாண்டிக்கில் இருக்கிற செயின்ட் ஹெலினா தீவு. அங்கிருந்து நியாயமாக லண்டன் போக வேண்டும். ஆனால் காற்று ஒத்துவரவில்லை. அந்தக் கடலில் தென்கிழக்குக் காற்று கப்பலை வடமேற்கே தள்ளிக்கொண்டே போகும். எதிர்காற்றில் ஏறிப் போவது இந்த ஜங்க்குக்குக் கைவராத வேலை. சாப்பாடும் தண்ணீரும் குறைந்துகொண்டே வர, ஆட்களும் முறைத்துக்கொள்ள, கெல்லட் காற்று போன பக்கமே போனார். ஜூலை 9 அன்று நியூயார்க். கோடை வெயிலில் துறைமுக முகப்பில் அதை நிறுத்தினார்கள். தலைக்கு 25 சென்ட். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பேர் ஏறி இறங்கினார்கள்.

நவம்பரில் பாஸ்டன். 1848 பிப்ரவரி 17-இல் அங்கிருந்து கிளம்பி மார்ச் 15-இல் ஆங்கிலக் கால்வாயில் இருக்கிற ஜெர்சி தீவு. மார்ச் 27-இல் தேம்ஸ் நதியின் முகப்பில் கிரேவ்சென்ட். புறப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் 477 நாட்கள். உங்கள் வகுப்பில் யாராவது விரல் விட்டு எண்ணிச் சரிபார்க்கட்டும். 1848 லீப் வருடம், அதை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

கே: அடியில் முதுகெலும்புக் கட்டை கூட இல்லாத கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டியது என்றால் அது அதிர்ஷ்டம்தானே? (பொறியாளர், பணி ஓய்வு)

ப: அதிர்ஷ்டமும் கொஞ்சம் வேண்டும், யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் இது அதிர்ஷ்டத்தில் மிதந்த கப்பல் இல்லை.

கப்பலின் உள்வயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சீனக் கப்பலில் குறுக்கே பலகைச் சுவர் வைத்துத் தனித்தனி அறையாகத் தடுத்திருப்பார்கள். ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்ததற்குப் போகாது. இன்றைக்கு நான் வேலை பார்த்த இரும்புக் கப்பல்கள் அத்தனையிலும் இருப்பது இதே ஏற்பாடுதான். ஐரோப்பிய மரக்கப்பல்களில் அன்று அது வழக்கம் இல்லை.

அப்புறம் பாய். தமிழில் தரையில் விரிப்பதும் பாய், மரத்தில் ஏற்றுவதும் பாய். கேயிங்கில் பொருளும் ஒன்றேதான். கோரை மாதிரி நாரில் முடைந்த பாயைத்தான் மூங்கில் சட்டம் கோத்து மரத்தில் ஏற்றியிருந்தார்கள். புயல் வந்தால் கயிற்றைத் தளர்த்தினால் போதும், சட்டம் சட்டமாக மடிந்து கீழே இறங்கிவிடும். ஒருவரும் மேலே தொற்றி ஏற வேண்டாம். இறக்குவதில் இருக்கிற சுகம் ஏற்றுவதில் கிடையாது. பெரிய பாய் மட்டும் ஒன்பது டன் என்று கப்பலைக் காட்டியவர்கள் சொன்னார்கள். ஒன்பது டன்னை ஆள்பலத்தால் இழுத்து ஏற்றுவது என்றால், தோள் கழன்றுவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுக்கான். ஏழெட்டு டன் எடை. பின்புறம் கதவு மாதிரி கீல் வைத்து மாட்டியது இல்லை, கயிற்றில் தொங்கவிட்டது. ஆழக்கடலில் இறக்கினால் அடிக்கட்டை செய்கிற வேலையை அதுவே செய்யும். பக்கவாட்டில் நழுவாமல் கப்பலைப் பிடித்துக்கொள்ளும். ஆழம் குறைந்த இடத்தில் மேலே தூக்கிவிடலாம். அதை இடத்தில் இறுக்கிப் பிடிக்க இரண்டு வடம், கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழாக ஓடி, முன்னே அணியம் வரை வந்து கட்டியிருக்கும். சுக்கான் பலகையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். பார்க்கிறவனுக்குப் பூச்சி அரித்த மாதிரி தோன்றும், ஆனால் வேண்டுமென்றே போட்டவை. தண்ணீர் கொஞ்சம் ஊடே போய்விடுவதால் திருப்புவது எளிது. எளிது என்றால் அதுவும் ஒரு கணக்குக்குத்தான்; கடல் மோசமானால் 15 பேர் கப்பி போட்டு இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது.

நான் கேடட்டாக, அதாவது பயிற்சியில், இருந்தபோது ஒரு முறை ஸ்டியரிங் பழுதாகி, கப்பலின் பின்கோடியில் இருந்த அறையில் நின்றுகொண்டு, மேலே கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜ் அறையிலிருந்து போனில் சொல்லச் சொல்லக் கையால் திருப்பினோம். இரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். இறங்கி வரும்போது கை நடுக்கத்தில் டீ தளும்பியது. அதனால் அந்த 15 பேர் மேல் எனக்குத் தனி மரியாதை.

பாஸ்டனிலிருந்து வரும் வழியில் பிப்ரவரி 28-இல் பெரும் புயல். சுக்கான் கட்டு விட்டுப்போனது, படகுகள் நொறுங்கின. சுக்கானைச் சரிசெய்யும்போது செகண்ட் மேட், அதாவது கப்பலின் அதிகாரிகளில் ஒருவர், கடலோடு போனார். இத்தனையும் பட்டு, பாஸ்டனிலிருந்து ஜெர்சிக்கு 27 நாள். குளிர்காலத்தில், உடைந்த சுக்கானோடு, அது மட்டமான ஓட்டம் இல்லை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் லண்டனில் இந்தக் கப்பலைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு கப்பலா என்று பத்திரிகையில் ஏகத்துக்கும் கிண்டல் அடித்தார். அவர் பெரிய எழுத்தாளர்தான். ஆனால் கரையில் கட்டிய கப்பலைப் பார்த்துத்தானே எழுதினார்?

கே: நீங்கள் அதில் ஏறிப் போவீர்களா?

ப: ஒப்பந்தத் தாளைப் படித்துப் பார்த்த பிறகு சொல்கிறேன். ஏன் என்று அடுத்த பதிலில்.

கே: கேப்டன் பெயர் எல்லா இடத்திலும் வருகிறது. அந்த 30 சீனர்கள் என்ன ஆனார்கள்? (வாசகி, தொழிற்சங்க ஊழியர்)

ப: சரியான கேள்வி. யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்றுதான் ஒவ்வொரு கடிதமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

கப்பல்காரன் ஒருவனிடம் எந்தப் பழைய பயணக் கதையைச் சொன்னாலும், அவன் மனதில் முதலில் வருவது இதுதான்: எந்த ஊருக்கு, எத்தனை மாதத்துக்கு, என்ன சம்பளத்துக்கு சைன்-ஆன் பண்ணினார்கள்? கேயிங்கின் சீன மாலுமிகள் எட்டு மாதத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள். படேவியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டுத் திரும்புவது என்பதுதான் தங்களுக்குச் சொல்லப்பட்டது என்று பின்னால் முறையிட்டார்கள். படேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அவர்களுக்கு அது தெரிந்த கடல். அங்கே போவது அடுத்த தெருவுக்குப் போய் வருவது மாதிரி. லண்டன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிளம்பி இரண்டு மாதம் ஆகிறது, சிங்கப்பூர் வரவில்லை. மூன்று மாதம் ஆகிறது, குளிர் கூடுகிறது, தெரிந்த கரை ஒன்றும் கண்ணில் படவில்லை. உத்தரவு போடுகிறவர் மொழி புரியாது. வேலையை நிறுத்தலாம், நிறுத்தினால் கப்பல் கவிழும், தானும் சாவான். கரையில் இருக்கிறவன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். கடலில் கதவைச் சாத்திக்கொண்டு போக எந்த இடம் இருக்கிறது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் ஒன்பது மாதம் என்று கையெழுத்துப் போட்டேன். மாற்று ஆள் அடுத்த துறைமுகத்தில் வருவார், அடுத்ததில் வருவார் என்று சொல்லிச் சொல்லிப் பதினாலாவது மாதத்தில்தான் இறக்கிவிட்டார்கள். தங்கை கல்யாணத்தை வீட்டார் அனுப்பிய போட்டோவில் பார்த்தேன். எனக்காவது எந்தக் கடலில் இருக்கிறேன் என்று தெரியும். வரைபடத்தில் பென்சிலால் குறி வைப்பதே என் வேலை.

நியூயார்க்கில் கரை சேர்ந்ததும் அவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. கடல் சட்டத்தில் பழைய விதி ஒன்று உண்டு. மாலுமியின் கூலி பாக்கிக்குக் கப்பலே ஈடு. முதலாளி எங்கே இருந்தாலும் சரி, கப்பலைப் பிடித்து நிறுத்திவிடலாம். சீன மொழி தெரிந்த ஒருவரும் ஒரு வழக்கறிஞரும் துணைக்கு வர, 26 பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு அவர்கள் பக்கம். கூலி வந்தது, ஊர் திரும்ப வழியும் கிடைத்தது. 1847 அக்டோபர் 6 அன்று கேண்டஸ் என்ற கப்பலில் கான்டனுக்குக் கிளம்பினார்கள்.

ஊரே 25 சென்ட் கொடுத்து வேடிக்கை பார்த்த கப்பலை, அதை ஓட்டி வந்தவர்கள் கோர்ட்டு மூலம் பிடித்து நிறுத்தினார்கள் பாருங்கள், இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த சாகசம் அதுதான்.

கே: கப்பலின் முன்பக்கம் கண் வரைந்திருக்கிறதே, திருஷ்டிக்கா?

ப: திருஷ்டிக்கு இல்லை, வழி பார்க்க. கண் இல்லாவிட்டால் கப்பலுக்கு எப்படி வழி தெரியும் என்று சீன மாலுமிகள் கேட்பார்களாம். ரேடார் திரையை வெறித்துக்கொண்டே காலம் கழித்த நான் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன்.

கே: கேயிங் என்றால் என்ன அர்த்தம்? (பள்ளி ஆசிரியர்)

ப: அது ஒரு மனிதரின் பெயர். வாங்கியவர்கள் சூட்டியது. மாண்டரின் மொழி உச்சரிப்பில் ச்சீயிங். அன்று சீனாவை ஆண்ட மஞ்சு அரச வம்சத்தவர். 1842-இல் ஹாங்காங்கை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த நான்ஜிங் உடன்படிக்கையில் சீனத் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். பிறகு கான்டன் பகுதியின் ஆளுநர். ஆங்கிலேயரோடு சிரித்துப் பேசி, விருந்து கொடுத்து, அவர்களிடம் நல்ல பெயர் வாங்கியிருந்தார். அந்த நன்றிக்குத்தான் பெயர் வைத்தார்கள் போலும். அவர் நாட்டுச் சட்டத்தை மீறி வாங்கிய கப்பலுக்கு அவர் பெயரையே வைத்தது என்ன மாதிரி நன்றி என்று கேட்காதீர்கள்.

அந்த மனிதரின் முடிவு பரிதாபம். இரண்டாம் அபினிப் போரில் கான்டன் விழுந்தபோது, அவர் முன்பு பேரரசருக்கு எழுதிய கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கையில் சிக்கியது. இந்த அந்நியர்களை எப்படிப் பக்குவமாகப் பேசிச் சமாளிக்கிறேன் பாருங்கள் என்ற தொனியில், அவர்களை இளக்காரமாக எழுதியிருந்தார். 1858-இல் தியான்ஜினில் சமாதானப் பேச்சுக்கு அவரை அனுப்பினால், எதிர்த்தரப்பு மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அவமானம் தாங்காமல் அனுமதி இல்லாமலேயே கிளம்பிவிட்டார். அதற்குத் தண்டனையாகத் தானே உயிரை மாய்த்துக்கொள்ளும்படி பேரரசர் உத்தரவு போட்டார். அப்போது அவர் பெயர் தாங்கிய கப்பலும் இல்லை.

கே: விக்டோரியா மகாராணி இந்தக் கப்பலுக்கு வந்தது உண்மையா?

ப: உண்மை. 1848 மே மாதம். கப்பல் அப்போது லண்டன் பிளாக்வாலில், கிழக்கிந்தியத் துறையில் நின்றது. வெலிங்டன் பிரபுவும் வந்தார். மற்றவர்களுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம்.

ஆனால் ராணி சம்பந்தப்பட்ட நல்ல கதை மூன்று வருடம் கழித்து நடந்தது. கப்பலில் ஹெசிங் என்று ஒருவர் வந்திருந்தார். ஐந்தாம் தர மாண்டரின், அதாவது அரசு அதிகாரி, என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். 1851 மே 1, லண்டன் கண்ணாடி மாளிகையில் உலகக் கண்காட்சித் திறப்பு விழா. சீன அரசு அதற்குப் பிரதிநிதி யாரையும் அனுப்பவில்லை. விழா நடுவே பட்டு உடுப்பில் ஹெசிங் முன்னால் வந்து ராணிக்குக் குனிந்து வணக்கம் போட்டார். இவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் சங்கோஜம். சீனத் தூதராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, வெளிநாட்டுத் தூதர்களோடு ஊர்வலத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த விழாவை ஹென்றி செலஸ் என்ற ஓவியர் பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். கோட்டும் பதக்கமுமாக நிற்கிற பெரிய மனிதர்கள் பக்கத்தில் நம் ஹெசிங் ஜம்மென்று நிற்கிறார். அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களில் யாரையும் இப்படி ஓவியத்தில் நிரந்தரமாக உட்கார வைத்ததில்லை.

கே: மேற்கே போன முதல் சீனக் கப்பல் இதுதான் என்று எழுதினீர்கள். செங் ஹோ 400 வருடம் முன்பே போகவில்லையா? தவறைத் திருத்துங்கள். (வரலாற்று ஆர்வலர், சற்றுக் கோபத்தோடு)

ப: கோபம் நியாயம். ‘அட்லாண்டிக் தாண்டி’ என்று நான் சேர்த்திருக்க வேண்டும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல் படை 1405-லிருந்து 1433 வரை ஏழு முறை புறப்பட்டது. கோழிக்கோடு, பாரசீக வளைகுடா முகப்பில் இருக்கிற ஹோர்முஸ், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை போய் வந்தார்கள். அந்தக் காலச் சீன ஏடுகளில் ‘மேற்குக் கடல்’ என்று வருகிறதே, அது எது தெரியுமா? நம் இந்தியப் பெருங்கடல்தான். சீனத்திலிருந்து பார்த்தால் நாம்தான் மேற்கு.

அந்தப் பயணத்தின் சாட்சி ஒன்றை நீங்கள் தமிழிலேயே படிக்கலாம். 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு கல்லை அவர்கள் இலங்கையில் நாட்டினார்கள். 1911-இல் காலி என்ற ஊரில் கிடைத்தபோது அது சாக்கடை மேல் மூடுகல்லாகக் கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீன வாசகம் புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ் வாசகம் தெனவரை நாயினார் என்ற தெய்வத்துக்கு. பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியலும் உண்டு. கொழும்பில் கப்பல் நின்ற ஒரு பகலில் போய்ப் பார்த்தேன். தேய்ந்த எழுத்தில் தமிழ் என்று கண்டுகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்ற காவலர், தினமும் பார்ப்பவர், விரலால் ஒரு வரியைக் காட்டி உதவினார்.

கே: கேயிங் இப்போது எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?

ப: முடியாது. லண்டனில் வேடிக்கை சலித்துப்போனது. இடத்தை மாற்றிப் பார்த்தார்கள், கூட்டம் திரும்பவில்லை. 1853-இல் நீராவி இழுவைக் கப்பலில் கட்டி லிவர்பூலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பாதி உலகத்தைத் தன் பாயிலேயே சுற்றி வந்த கப்பல், கடைசிப் பயணம் கயிற்றில். அங்கே மெர்சி நதியின் மறுகரையில் கொஞ்ச நாள் காட்டிவிட்டு, அப்படியே உடைத்துப் போட்டார்கள்.

அச்சுப் படங்கள் நிறைய இருக்கின்றன. கப்பல் உருவம் பொறித்த பதக்கங்களும் அன்று பார்வையாளர்களுக்கு விற்றார்கள். இன்றும் பழைய நாணயக் கடைகளில் வரும். லண்டனில் ஒரு கடையில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். விலை கேட்டேன், வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மாதம் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் இன்னும் அனுப்பவில்லை.